திங்கட்கிழமை காலையில் என் மேசையில் என்ன இருக்கும்?

2005-ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை மாலை, தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வங்கிக் கிளையில் நான் அமர்ந்திருந்தேன். அந்தக் கிளையின் கணக்குகள் அனைத்தையும் மையக் கணினிக்கு மாற்றுவதற்காக வந்திருந்த நால்வர் குழுவில் நானும் ஒருவன். அரை நாள் வேலை முடிந்து வாடிக்கையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். பொதுப் பேரேட்டின் இருப்பும் துணைப் பேரேடுகளின் கூட்டுத்தொகையும் பைசா சுத்தமாக ஒத்துப்போன மகிழ்ச்சியில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேமிப்புக் கணக்குப் பிரிவில் பணியாற்றிவந்த ஓர் எழுத்தர் அம்மையார் என் அருகில் வந்து நின்றார். "சார், தப்பா நினைக்காதீங்க. திங்கட்கிழமை காலைல நான் வந்து உட்காரும்போது என் டேபிள்ல என்ன இருக்கும்? முதல் ஆள் பணம் எடுக்க வந்து நின்னா நான் எதை முதல்ல தொடணும்?" என்று கேட்டார்.

நான் அதற்கு முன் ஆறு மாதங்களாக அந்தத் திட்டத்தில் இருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்தும் மண்டல அலுவலகத்திலிருந்தும் அந்தக் கிளைக்குப் பதினொரு சுற்றறிக்கைகள் போயிருந்தன. கோர் பேங்கிங் எனப்படும் இந்த மையக் கணினி முறை என்றால் என்ன, அதனால் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் பணம் எடுக்கும் வசதி எப்படி வரும், தனியார் வங்கிகளோடு போட்டியிட அது ஏன் இன்றியமையாதது என்றெல்லாம் அவை விரிவாகப் பேசின. அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வங்கி எங்கே போகிறது என்பதைப் பதினொரு முறை சொன்ன நாங்கள், அந்த அம்மையாரின் மேசை என்னவாகும் என்பதை ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் அதைக் கேட்பதற்குக்கூட, மாற்றத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு மணி நேரமே மிச்சமிருந்த ஒரு வேளைதான் வாய்த்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும்போது சொல்வதும் கேட்பதும் எவ்வளவு தூரம் அந்தத் திட்டத்தின் உயிராக இருக்கின்றன என்பதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அன்று மாலைதான்.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். வங்கிகளில் கணினி என்பது ஒரு நாளில் வந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையில் 1983-இல் அமைக்கப்பட்ட குழு 1984-இல் அறிக்கை அளித்தது. கிளைகளில் எவ்வகை இயந்திரங்களை, எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதற்காக ஊழியர் சங்கங்களுடன் 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் செய்துகொள்ளப்பட்டன. முதலில் பேரேட்டில் பதியும் இயந்திரங்கள் வந்தன. பின்னர் சில கிளைகள் முழுவதும் கணினிமயமாயின. 2000-க்குப் பிறகுதான், ஒவ்வொரு கிளையும் தனித்தீவாக இருந்த நிலை மாறி, எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே மையத்தில் குடியேறும் கோர் பேங்கிங் வந்தது. சங்கங்களுடன் நடந்த அந்த நீண்ட பேச்சுவார்த்தைகளை, முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்ற காலவிரயம் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசையின் இரு பக்கத்திலும் அமர்ந்து, எது மாறும், எது மாறாது என்று வரிவரியாகப் பேசி எழுதியதால்தான், 1990-களில் இயந்திரம் உள்ளே வந்தபோது ஊழியர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது ஓரளவுக்காவது தெரிந்திருந்தது. கோர் பேங்கிங் வந்த வேகத்தில் அந்தப் பொறுமைதான் எங்களிடம் குறைந்துபோயிருந்தது.

வேறொன்றும் நடந்திருந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2001-இன் தொடக்கத்திலும் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டு, நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வங்கிப் பணியிலிருந்து வெளியேறினார்கள். நான் பணிபுரிந்த கிளையிலிருந்தே மூவர் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அந்த நாற்காலிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் நாங்கள் போய், இனி ஒரு மையக் கணினி உங்கள் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் என்று சொன்னோம். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதைத் திட்டக்குழுவில் இருந்த எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. நாங்கள் சொன்ன செய்தி ஒன்று. அவர்கள் கேட்ட செய்தி இரண்டாவது விருப்ப ஓய்வுத் திட்டம். சொல்பவர் வாயிலிருந்து புறப்படும் செய்தி, கேட்பவரின் கடந்த ஐந்தாண்டு அனுபவத்தின் ஊடாகத்தான் உள்ளே போகிறது என்பதை மறந்துவிட்டால், எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பயனில்லை.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு கூட்டத்திலோ அறிக்கையிலோ அல்ல. கிளைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில், தலைமைக் காசாளர் தற்செயலாகப் பேச்சுவாக்கில் சொன்னார். கணினி வந்த ஆறு மாதத்தில் அந்தக் கிளையைப் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்றும், எழுத்தர்களை வெளிமாவட்டத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்றும், அதனால்தான் திருச்சியிலிருந்து நான்கு பேர் வந்து எல்லாப் பேரேட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அங்கே ஒரு கதை உலவிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முடிவு எங்கள் வங்கியில் எவரிடமும் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் எவரும் இல்லை. வதந்தியை நான் அதற்குப் பிறகு ஒருபோதும் குறையாகப் பார்க்கவில்லை. தனக்கு வேண்டிய தகவல் கிடைக்காத மனிதர், கையில் இருக்கும் துண்டு துணுக்குகளை வைத்துத் தானே ஒரு விடையைத் தைத்துக்கொள்கிறார். அந்த விடையைக் கேட்டால், எந்தக் கேள்வி பதிலின்றிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கும் நிகழ்வு, அதற்கு அடுத்த கிளையில் நடந்தது. பேரேட்டிலிருந்த கணக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒப்பந்த அடிப்படையில் இளைஞர்கள் சிலரை அமர்த்தியிருந்தோம். அவர்கள் கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள். மையில் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் பிழையின்றி ஏற்றினார்கள். அந்தக் கிளையில் ஒரே பெயரில், ஒரே தெருவில், தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்த இருவருக்குச் சேமிப்புக் கணக்குகள் இருந்தன. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மற்றவர் அரிசி ஆலையில் பணிபுரிந்தவர். அவர்களின் பேரேட்டுப் பக்கங்களின் மேல் மூலையில் மூத்த எழுத்தர் ஒருவர் 'வாத்தியார்' என்றும் 'மில்' என்றும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக அந்த இரு சொற்கள்தாம் ஒருவர் பணம் மற்றவர் கணக்குக்குப் போகாமல் காத்துவந்தன. பென்சில் எழுத்தை ஏற்ற வேண்டும் என்று இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றம் முடிந்த அடுத்த மாதத்தின் முதல் நாள், ஆசிரியரின் ஓய்வூதியம் ஆலைக்காரரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

மூன்று நாட்களில் சரிசெய்துவிட்டோம். ஆனால் அந்த மூன்று நாட்களும் எழுபது வயதைக் கடந்த அந்த ஆசிரியர் காலையில் வந்து மாலை வரை கிளையின் பெஞ்சில் அமர்ந்திருந்தார். மூத்த எழுத்தரிடம், "உங்களுக்கு இது தெரியும் அல்லவா, ஏன் சொல்லவில்லை?" என்று நான் கேட்டபோது, அவர் கோபமே இல்லாமல், "நீங்க பேரேட்ட வாங்கிட்டுப் போனீங்க சார். என்னை ஒண்ணும் கேக்கலையே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் திட்டத்தின் குறை முழுவதும் இருந்தது. தகவல் தொடர்பு என்றால் மேலிருந்து கீழே சொல்வது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கிளை நடக்கும் விதம் பற்றிய அறிவில் பெரும்பகுதி சட்ட விதிகளிலோ கையேட்டிலோ இல்லை, இருபது முப்பது ஆண்டுகள் அந்த மேசைகளில் அமர்ந்தவர்களின் நினைவிலும் பென்சில் குறிப்புகளிலும் இருந்தது. அது மேலே வருவதற்கு நாங்கள் ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. தன்னை அகற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பும் ஒருவர், கேட்காமலே வந்து அதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

யார் வாயால் செய்தி வருகிறது என்பதும் நாங்கள் பிழைசெய்த இடம். திட்டக்குழுவைச் சேர்ந்த நாங்களே கிளையில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் வேனில் ஏறிப் போன பிறகு, "மேனேஜர் சார் என்ன சொல்றார்?" என்பதுதான் அவர்களின் கேள்வியாக இருந்தது. நல்லது கெட்டதுக்கு விடுப்பு தருகிறவர், தவறு நேர்ந்தால் மண்டல அலுவலகத்துக்குப் பதில் எழுதுகிறவர், நாளைக்கும் அங்கே இருக்கப்போகிறவர் அவர். அவரோ எங்கள் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் மௌனமாக அமர்ந்திருந்தார், ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட அவருக்குச் சொல்லப்படவில்லை. அவருக்கும் அச்சங்கள் இருந்தன. கிளையின் இருப்பையும் வரவு செலவையும் மாலையில் தன் கையால் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவந்தவரிடம், இனி அதை மேலதிகாரி எந்த நிமிடத்திலும் திரையில் பார்க்கலாம் என்று ஒரு நாள் சொல்லப்பட்டது. வழக்கமான வாடிக்கையாளருக்குத் தன் பொறுப்பில் அவர் காட்டிவந்த சிறு சலுகைகளை இனி கணினி அனுமதிக்குமா என்பது அவருக்குத் தெரியாது. தனக்கே விடை தெரியாத ஒருவரிடம் பன்னிரண்டு பேருக்கு விடை சொல்லும் பொறுப்பை நாங்கள் வைத்துவிட்டுப் போயிருந்தோம். நடுவில் நிற்கும் இந்த மேலாளர்களைத்தான் பெரும்பாலான திட்டங்கள் மறக்கின்றன. மேலே இருப்பவர்கள் முடிவெடுத்த மகிழ்ச்சியில் இருப்பார்கள், கீழே இருப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று ஒன்றாவது இருக்கும், இவர்களுக்கு இரண்டும் கிடையாது.

ஏழெட்டுக் கிளைகளுக்குப் பிறகு எங்கள் வழிமுறை மாறியது. யாரும் ஆணையிட்டு மாற்றவில்லை. பட்ட அடிகள் மாற்றின. முதலில் மேலாளரை மட்டும் இரண்டு நாட்கள், ஏற்கெனவே மாறிவிட்ட ஒரு கிளைக்கு அனுப்பினோம். அங்கே எங்கள் ஆட்கள் அவரிடம் பேசவில்லை. அந்தக் கிளையின் மேலாளர் பேசினார். திரும்பி வந்து அவரே தன் ஊழியர்களிடம் சொன்னார். நாங்கள் பின்னால் நின்றோம். அடுத்ததாக, கிளையின் நடுமேசையில் நூறு பக்க நோட்டு ஒன்றை வைத்தோம். யார் வேண்டுமானாலும், பெயர் எழுதாமலும், கேள்வி எழுதலாம். அன்று மாலைக்குள் அதற்குக் கீழேயே பதில் எழுதுவது எங்கள் கடமை. பதில் தெரியாதபோது "இது இன்னும் முடிவாகவில்லை, வியாழக்கிழமை தெரியும்" என்று எழுதினோம், வியாழக்கிழமை மறக்காமல் எழுதினோம். எங்கள் மீது நம்பிக்கை வளர்ந்தது நாங்கள் எழுதிய விடைகளால் என்று நான் நினைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதி, சொன்ன நாளில் திரும்பி வந்ததால்தான் வளர்ந்தது. மூன்றாவது நாளுக்குப் பிறகு அந்த நோட்டில் கேள்விகளோடு தகவல்களும் வரத் தொடங்கின: இந்த நகைக்கடன் பையில் இரண்டு பேர் நகை சேர்ந்து இருக்கிறது, இந்த வைப்புநிதி ரசீது தொலைந்து மறுபடி கொடுத்தது, இந்தக் கணக்கில் அம்மா பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். பென்சில் குறிப்புகள் தாமாகவே எங்களிடம் வந்து சேர்ந்தன.

பயிற்சியையும் மாற்றினோம். மென்பொருளின் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து காட்டும் வகுப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கிளையில் நேற்று உண்மையிலேயே வந்த செல்லான்களையும் பணம் எடுக்கும் படிவங்களையும் எடுத்துவைத்து, அவற்றைக் கணினியில் எப்படிப் பதிவது என்று காட்டினோம். முன்பு பேரேட்டுப் பக்கத்தைத் திருப்பி, இருப்பைப் பார்த்து, மாதிரிக் கையொப்ப அட்டையோடு ஒப்பிட்டு, அதிகாரியிடம் கொடுத்து, டோக்கன் தருவார்கள். இப்போது கணக்கு எண்ணை இட்டால் இருப்பும் கையொப்பமும் திரையில் வரும், பதிந்ததும் அதிகாரி தன் திரையில் ஒப்புதல் தருவார். எந்தப் பழைய கைவேலைக்கு எந்தப் புதிய விசை என்று ஒன்றுக்கொன்று நேராக வைத்துக் காட்டியபோது, "இவ்வளவுதானா" என்று ஒருவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. வாடிக்கையாளர்களிடமும் அப்படியே. தங்கள் மூன்று இலக்க, நான்கு இலக்கக் கணக்கு எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த விவசாயிகளுக்கு, நீண்ட புதிய எண் எழுதிய சீட்டைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பழைய எண்ணுக்குக் கீழே ஒட்டிக் கொடுத்தோம்; மாற்றத்துக்கு மூன்று வாரங்கள் முன்பிருந்தே, கவுன்டரில் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னோம்.

இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு என் தாத்தா சொன்ன நயா பைசா கதை நினைவுக்கு வரும். 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில், பதினாறு அணாக்களாக இருந்த ரூபாய் நூறு பைசாக்களாக மாறியது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களின் மடியிலும் முந்தானை முடிச்சிலும் நடந்த மாற்றம் அது. புதிய காசுக்கு 'நயா பைசா' என்றே பெயர் வைத்தார்கள். ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்பது காசின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பழைய காசுகளும் உடன் புழங்கின. எல்லோருக்கும் பழகிய பிறகு, 1964 ஜூன் 1 முதல்தான் 'நயா' என்ற சொல் விலக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் அந்தக் காசு தன்னைப் புதியது என்று தானே சொல்லிக்கொண்டு கைமாறியது. மக்களும் தங்கள் பங்குக்கு ஒரு பாலம் கட்டிக்கொண்டார்கள்: இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் நாம் சொல்லிவந்தோம். பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு வைத்துக்கொள்ள மக்களை விட்டுவிட வேண்டும் என்று நான் கற்றது இதிலிருந்துதான். எங்கள் கிளைகளில் கணினித் திரையை ஊழியர்கள் 'பேரேடு' என்று அழைத்தபோது நாங்கள் திருத்தவில்லை.

எங்கள் சிக்கல்கள் எல்லாம் வசதி குறைந்த சிற்றூர்க் கிளைகளுக்கே உரியவை என்று நினைத்திருந்த எனக்கு, 2008-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்தில் நடந்தது பெரும் பாடமாக அமைந்தது. 430 கோடி பவுண்டு செலவில், குறித்த நாளில், குறித்த செலவுக்குள் கட்டி முடிக்கப்பட்டது என்று உலகெங்கும் கட்டுமானத் துறையினர் போற்றிய திட்டம் அது. மார்ச் 14 அன்று அரசி எலிசபெத் திறந்துவைத்தார். மார்ச் 27 அன்று பயணிகள் வந்தார்கள். அன்று காலை, பெட்டிகளைக் கையாளும் பணியாளர்கள் தங்கள் வாகனங்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றினார்கள். பாதுகாப்புச் சோதனையில் தாமதமானார்கள். உள்ளே வந்த பிறகு கணினியில் நுழைய முடியாமல் தவித்தார்கள். சோதனைக் காலத்தில் மென்பொருளில் வைத்திருந்த ஒரு தடுப்பு நீக்கப்படாமல் விடப்பட்டதால், மற்ற முனையங்களிலிருந்து வரும் பெட்டிகளைப் பற்றிய செய்திகள் இந்த முனையத்துக்கு வந்து சேரவில்லை. அன்று ஒரே நாளில் 34 விமானங்கள் ரத்தாயின. அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் நின்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உரியவரைச் சேராமல் குவிந்தன.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு அதை விசாரித்து அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. இயந்திரங்கள் பழுதாயின என்பது அந்த அறிக்கையின் சாரம் அல்ல. விமான நிலையத்தின் உரிமையாளரான பிஏஏ-வுக்கும் அதில் இயங்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் இடையே போதிய தகவல் தொடர்பு இல்லாததும், பணியாளர் பயிற்சியும் சோதனையும் போதாமையும்தான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் என்று அது சொன்னது. திறப்பு நாள் தள்ளிப்போகாவிட்டாலும், கட்டடத்தின் சில பகுதிகள் முடிவதில் ஏற்பட்ட தாமதத்தால் சோதனைக் காலத்தைச் சுருக்கியதை விமான நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி வில்லி வால்ஷ் அந்தக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பணியாளர்கள் முன்கூட்டியே எழுப்பிய கவலைகள் காதில் வாங்கப்படவில்லை என்று தொழிற்சங்கத்தினர் சாட்சியம் அளித்தார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைப் பயணிகளாக வரவழைத்து ஒத்திகைகள் நடத்தியிருந்தார்கள். பயணிகளுக்கு ஒத்திகை நடந்தது. முதல் நாள் காலை வேலைக்கு வரும் பணியாளர் எந்த வாசல் வழியாக நுழைவார் என்ற கேள்விக்குத்தான் விடை சென்று சேரவில்லை. அதைப் படித்தபோது தஞ்சை மாவட்டத்துக் கிளையில் என் அருகில் வந்து நின்ற அம்மையாரின் குரல் எனக்குக் கேட்டது. லண்டனில் பெட்டி தூக்குகிறவருக்கும் அதே கேள்விதான்: நான் காலையில் வந்து எதை முதலில் தொட வேண்டும்?

இன்னொன்றை நான் மனப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதனால் என்ன கிடைக்கும் என்பதையே சொல்கிறார்கள். என்ன போய்விடும் என்பதைச் சொல்லத் தயங்குகிறார்கள். எங்கள் கிளைகளில் அச்சுக் கோத்தாற்போல எழுதும் எழுத்தர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்து எண்களை மேலிருந்து கீழாக விரலை ஓட்டி மனத்திலேயே கூட்டிச் சொல்லும் ஆற்றல் பெற்றவர்கள் இருந்தார்கள். அரையாண்டு வட்டிக் கணக்கைப் போட்டு முடித்துப் பேரேட்டைச் சமன் செய்யும் இரவில் அவர்களே அந்தக் கிளையின் நாயகர்கள். யாருடைய வேலையும் போகாது என்று நாங்கள் சொன்னது உண்மை. ஆனால் அவர்களுடைய திறமைக்கு இனி இடமிருக்காது என்பதும் உண்மை, அதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லாததால் அவர்கள் அந்த இழப்பைத் தனியாகச் சுமந்தார்கள். பிந்தைய கிளை ஒன்றில், மேலாளர் ஒருவர் கடைசிப் பேரேட்டை மூடும் நாளன்று, முப்பத்தொரு ஆண்டுகள் அதில் எழுதியவரை அழைத்துக் கடைசி வரியை எழுதச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொன்னார். அது எங்கள் திட்ட அட்டவணையில் இல்லாத நிகழ்ச்சி. அந்தக் கிளையில் புதிய முறையை முதலில் கற்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அதே எழுத்தர்தான்.

மாற்றம் நடந்த மறுநாளே பேச்சை நிறுத்திவிடுவது நாங்கள் கடைசி வரை முழுமையாகத் திருத்திக்கொள்ளாத பிழை. அடுத்த கிளை காத்திருக்கும், குழு கிளம்பிவிடும். ஆனால் கடினமான நாட்கள் பின்னால்தான் வரும்: முதல் மாத இறுதி, முதல் வட்டிப் பதிவு, மழையில் இணைப்பு அறுந்து திரை இருண்டுபோகும் முதல் நாள், பிறகு ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் 31. கிளையிலிருந்து தொலைபேசி வரவில்லை என்றால் அங்கே எல்லாம் நலம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு கிளையில் இரண்டு மாதங்கள் ஒரு அழைப்பும் வரவில்லை; போய்ப் பார்த்தால், கணினியை நம்பாமல் மேசை இழுப்பறைக்குள் பழையபடி ஒரு கைப்பேரேட்டையும் எழுதிவந்திருந்தார்கள், இரட்டை வேலை செய்து இரவு ஒன்பது மணிக்கு வீடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இணைப்பு போன நாளில் என்ன செய்வது என்று நாங்கள் சொல்லாததால், அவர்களாகவே தேடிக்கொண்ட பாதுகாப்பு அது.

கடந்த மாதம் என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். ஒரு பம்பு தயாரிப்பு ஆலையில் கிடங்கு, கொள்முதல், கணக்கு அனைத்தையும் ஒரே மென்பொருளின் கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு அவன் பொறுப்பாளன். தகவல் தொடர்புத் திட்டம் என்று ஓர் அட்டவணையை அனுப்பி, "மாமா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். எந்தத் தேதியில் எந்த மின்னஞ்சல், யாருக்கு, யார் அனுப்புவது என்று நாற்பது வரிகள் ஒழுங்காக இருந்தன. யாரிடமிருந்து கேட்பது என்று ஒரு வரிகூட இல்லை. அவன் அட்டவணையைத் திருத்தவேண்டாம், முதலில் ஒரு நாள் முழுக்கக் கிடங்கில் சரக்கு கொடுக்கும் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார் என்றேன். மறுநாள் மாலை அழைத்தான். மதியம் வரை அந்தப் பெரியவர் ஒன்றும் பேசவில்லையாம். சாப்பாட்டுக்குப் பிறகு, அலமாரிகளில் தொங்கிக்கொண்டிருந்த, சரக்கின் வரவையும் இருப்பையும் கையால் குறித்துவைக்கும் 'பின் கார்டு' அட்டைகளைக் காட்டி, "தம்பி, கம்ப்யூட்டர் வந்தப்புறம் இதையெல்லாம் கழட்டிப் போட்ருவீங்களா, இல்ல நான் வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க, புதன்கிழமை வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன் மாமா" என்றான்.